அக்கா கையில் கயிற்றுக் கிரீஸ்

என் வயசுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும், மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். நான் வெளியூர் கிளம்புகிறேன் என்றால் துணிமணிக்கு முன்னால் தோலுக்கு வேண்டியதைத்தான் எடுத்து வைக்கிறேன். கைப்பையில் ஒரு சின்ன டப்பா வேசலின். பெட்டியில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். அது கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று சேலை மடிப்புக்குள் இன்னொரு பாட்டில். பெங்களூருக்குப் போய் மகள் வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வர இவ்வளவு எதற்கு என்று அவள் கேட்கிறாள். அவளுக்கென்ன, முப்பது வயசுத் தோல். ஏசி பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என் முழங்கை அப்பளமாகிவிடுகிறது. உங்களுக்கும் அப்படித்தானே? வெளியே சொல்லாமல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு எதற்கெடுத்தாலும் கவலை. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, கால் வெடிப்பில் மண் போய் ஏதாவது ஆகிவிடுமா. படிப்பு ஏழாவது பாதியோடு நின்றுபோனது, அதனால் காரணம் தெரிந்து பயப்படுகிற பழக்கம் இல்லை, சும்மாவே பயப்படுவேன். ஆனால் தோல் விஷயத்தில் என் கவலைக்கு ஒரு காரணம் உண்டு. அது நான் ஆறாவது படித்த வருஷத்து மார்கழி.

அப்போது எங்கள் வீடு ஊரிகத்தில், சுரங்கத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடு. தகரக் கூரை. நம் கோலார் தங்கவயல் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அந்த வருஷக் குளிர் வேறே மாதிரி. காலையில் கூரைத் தகரத்தைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பும். சயனைடு மேட்டிலிருந்து, கல்லை அரைத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டி வைத்த அந்த வெள்ளை மலையிலிருந்து, பவுடர் மாதிரி தூள் பறந்து வரும். கொடியில் காயும் துணியில், சோற்றுத் தட்டில், கண் இமையில் எல்லாம் உட்காரும். எங்கே உட்கார்ந்தாலும் அங்கே இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி திரிவோம். முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் ஸ்லேட்டில் எழுதின மாதிரி வெள்ளையாக எழுத்து விழும். நான் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைக் காலில் எழுதிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். டீச்சர் கிட்டே வந்தால் எச்சிலைத் தொட்டு ஒரு தேய், போச்சு.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குச் சுரங்கத்துக்குள்ளே வேலை. கூண்டில் ஏறி அடி அடியாக, ஆயிரக்கணக்கான அடி கீழே போக வேண்டும். கீழே போகப் போகச் சூடு. சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஊற்றுமாம். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் மூஞ்சியில் அறைகிற வாடைக் காற்று. கீழே சித்திரை, மேலே மார்கழி. தினம் ஒரு தடவை அந்த மனுஷன் பருவத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். நியாயமாகப் பார்த்தால் எங்கள் எல்லாரையும்விட அவர் தோல்தான் வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் எண்ணெய்க்கு ஒரு வரிசை இருந்தது. மாசத்துக்கு ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய், குளிரில் அது பாட்டிலுக்குள்ளே மெழுகுவத்தி மாதிரி இறுகிக் கிடக்கும். ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினால் துண்டு துண்டாக வரும். அம்மா மத்தியானமே பாட்டிலை அடுப்பு ஓரத்தில் சாய்த்து வைப்பாள். நைனா வேலைக்குப் போகும்போது எண்ணெய் தொடமாட்டார். எண்ணெய் மினுக்கோடு போனால் திரும்பும்போது கேட்டில் சோதனை போடுகிறவர்களுக்குச் சந்தேகம் வருமாம், எண்ணெயில் பொன் தூள் ஒட்டும் இல்லையா. அதனால் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துதான் குளியல். ஒரு அண்டா வெந்நீர் அவருக்கு. குளித்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்காருவார், அம்மா துண்டைக்கூடக் கொடுக்காமல் சொட்டச் சொட்ட முதுகிலும் கையிலும் எண்ணெயைத் தேய்த்துவிட்டு ஓடுவாள், உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவள் உள்ளங்கையில் மிச்சம் இருக்கிற பிசுக்கு அக்காவுக்கும் எனக்கும். எப்போதோ காலையில் பச்சைத் தண்ணியில் குளித்துக் காய்ந்து போன தோலில் அதைத் தேய்ப்பாள். தேய்த்த இடம் அஞ்சு நிமிஷம் மினுக்கும், அப்புறம் பழைய சாம்பல். சம்பாதிக்கிறவருக்கு முதல் எண்ணெய், அது சரிதானே என்று இருந்தோம்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. சுரங்கத்துத் துணியைத் துவைப்பது அவள் வேலை. விடிந்ததும் லைன் குழாயடியில் நின்று சோடா சோப்புப் போட்டு அடிப்பாள். பேத்தமங்களா ஏரியிலிருந்து வருகிற தண்ணி, ஐஸ் மாதிரி இருக்கும். விரல் மூட்டு ஒவ்வொன்றிலும் வெடிப்பு, மடக்கினால் ரத்தம் எட்டிப் பார்க்கும். முழங்கை வரைக்கும் தோல் மீன் செதில் மாதிரி.

கார்த்திகையில் ஒரு வீட்டார் அவளைப் பார்க்க வந்தார்கள். காப்பி டம்ளரை வாங்கும்போது அந்த அம்மா அக்காவின் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள், குடிக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து, பொண்ணு லட்சணம்தான், கையில் ஏதோ தோல் நோவு இருக்கிற மாதிரி தெரியுது என்று சொல்லி அனுப்பினார்கள். லைன் வீட்டில் சுவர் ஏது. ஒரு வீட்டில் சொன்னது பத்து வீட்டுக்குக் கேட்டது. அடுத்த நாளிலிருந்து அக்கா தாவணி முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வந்தாள். குழாயடிக்கு மற்றப் பெண்கள் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டு வந்தாள்.

அதற்கப்புறம் குடியாத்தத்திலிருந்து ஒரு சேதி வந்தது. எங்களுக்குப் பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த பையன், அங்கே பந்தியில் அக்காவைப் பார்த்திருக்கிறார். தை பிறந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவும் அவரைப் பார்த்திருந்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். சேதி வந்த அன்றைக்கு என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள்.

"நெஜத்தைச் சொல்லு. ரொம்ப அசிங்கமா கீதா இந்தக் கை?"

இல்லை என்று சொன்னேன். சொன்ன வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இங்கேதான் எங்கள் மாமா உள்ளே வருகிறார். அம்மாவின் தம்பி. வைண்டிங் என்ஜினில் அவருக்கு வேலை, கூண்டைத் தூக்கி இறக்குகிற இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் போடுகிற கூட்டத்தில் ஒருத்தர். நல்ல மனுஷன். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார், அதுதான் கஷ்டம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய பால் டப்பாவில் அந்தக் கிரீஸைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். வெல்லப் பாகு மாதிரி கறுப்பும் பழுப்புமாக, கிட்டே போனால் மூக்கு எரிகிற நாற்றம்.

"யக்கா, அந்தக் கயிறு எவ்ளோ ஆழம் போவுது. மேல குளுரு, கீழ அனலு, நடுவுல தண்ணி சொட்டுது. தினம் போய் வருது. ஒரு நரம்பு வெடிச்சுதா? எல்லாம் இதான்."

"அது இரும்புடா" என்றாள் அம்மா.

"இரும்பே இது இல்லாங்காட்டி தாங்காதாம். தோலு எந்த மூலைக்கு?"

அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. நைனாவைப் பார்த்தாள். நைனா அதிகம் பேசமாட்டார். டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தார், விரலில் கொஞ்சம் தொட்டு இழுத்துப் பார்த்தார். அப்புறம், "தினம் இத்த நம்பித்தானே எறங்கறேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் வீட்டில் யார் என்ன பேச முடியும்?

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. முட்டாள்தனம்தான். ஆனால் தன் உயிரைத் தாங்குகிற ஒரு பொருளைத்தான் அவர் மகள் கைக்குச் சரி என்று சொன்னார். அதைவிட நல்ல பொருள் அவருக்குத் தெரியாது.

முழங்கை வரைக்கும் அம்மா பூசி, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள். அக்கா ரெண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான்தான் சோறு ஊட்டினேன், மூக்கு அரித்தால் சொறிந்துவிட்டேன். மூணு நாளில் பூ மாதிரி ஆயிடும் என்று மாமா சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் துணியை அவிழ்த்தால், கை தார் ரோடு. சோப்புப் போட்டோம், போகவில்லை. சீயக்காய் போட்டோம், பரவியது. அம்மா பதறிப்போய் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தாள். கறுப்பு பாதி போய்ப் பழுப்பாக நின்றது, அதற்கடியிலிருந்து சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பியது. தோல் முன்னைவிட வறண்டு காகிதமாகிவிட்டது. அக்கா அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது பரவி உடம்பெல்லாம் வந்து செத்துப்போவாளோ என்று நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

மாமா சாயங்காலம் வந்தார், வாசலோடு நின்றுவிட்டார். "உன் கயித்துக்கே போய்ப் பூசு, இந்தப் பக்கம் வராதே" என்று அம்மா உள்ளேயிருந்தபடியே சொன்னாள். அவர் அப்புறமும் அரை மணி நேரம் அங்கேயே நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது மருந்து கட்டுகிற கம்பவுண்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த மிஷின் ரிப்பேருக்குப் போச்சு என்று கேட்டார். வெள்ளைக் களிம்பு கொடுத்தார், மண்ணெண்ணெய்ப் பக்கமே போகாதீர்கள் என்றார். நாலு நாளில் கொப்புளம் அடங்கியது. வறட்சியும் கறையும் அடங்கவில்லை. தைக்கு ரெண்டு வாரம்தான் இருந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. யார் கையைப் பார்த்தாலும் வெடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அப்படித்தான் ஒருநாள் மூணு மணிக்கு நைனா குளித்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருக்க, அம்மா எண்ணெய் தேய்க்க, நான் போய் அவர் கையைத் தடவிப் பார்த்தேன். வழுவழு என்று இருந்தது. உள்ளே ஓடி அக்கா கையைத் தடவினேன். திரும்பி ஓடி வந்தேன்.

"நைனா, உனக்கு மட்டும் ஏன் வெடிக்கல?"

அம்மா, போடி அந்தப் பக்கம் என்றாள். நைனா தன் கையைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய்க்கு அடியில் தண்ணி முத்து முத்தாக நின்றது. அப்புறம் அம்மாவிடம், "எனக்கு ஈரத்தோட தடவுற நீ. அதுங்களுக்குக் காஞ்ச மேல தடவுற" என்றார்.

இவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு என் மகள் வாங்கித் தருகிற க்ரீம் டப்பாவிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறான், குளித்த ஈரம் காய்வதற்குள் தடவச் சொல்லி. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

மறுநாளிலிருந்து வரிசை மாறியது. மூணு மணிக்கு அண்டா வெந்நீர் அக்காவுக்கு. அவள் குளித்து ஈரக் கையோடு வருவாள், அம்மா அந்த ஈரத்தின் மேலேயே எண்ணெயை வைத்து மூடுவாள். பாட்டிலும் ஒன்றுதான், வெந்நீரும் ஓர் அண்டாதான், விறகு அவ்வளவுதான். நைனா ஷிஃப்டிலிருந்து வந்து, வேர்வை காய்ந்த உடம்போடு வாசலில் அந்தக் காற்றில் நிற்பார். அக்கா முடித்த பிறகு பச்சைத் தண்ணியை ஊற்றிக்கொண்டு துண்டால் துடைத்துக்கொள்வார். எண்ணெய் கேட்கவில்லை. அம்மா நீட்டினாலும், எனக்கு இன்னா கல்யாணமா என்பார்.

ஒரு வாரத்தில் அக்காவின் விரல் மூட்டில் வெடிப்பு மூடியது. பத்து நாளில் செதில் போயிற்று. அந்தப் பத்து நாளில் நைனாவின் உள்ளங்கை பிளந்தது. குதிகால் பிளந்தது. சோறு பிசையும்போது முகத்தைச் சுளிப்பார்.

இதை எழுதும்போதுதான் இன்னொன்று தோன்றுகிறது. பழைய வரிசையிலும் சரி, புது வரிசையிலும் சரி, அம்மா எங்கே இருந்தாள்? எங்கள் எல்லாருக்கும் தேய்த்ததால் அவள் உள்ளங்கை மட்டும் மெத்தென்று இருந்தது. அதன் மேல்பக்கம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஊரில் எல்லார் கையையும் தொட்டுப் பார்த்தவள், அவள் கையைப் பார்க்கவில்லை.

தை மாசம் அவர்கள் வந்தார்கள். பையன், அவர் அம்மா, பெரியப்பா. அம்மாவுக்குக் கோபம் ஆறி, எங்கள் பக்கம் மாமாவும் வந்திருந்தார். கை பூ மாதிரி ஆகிவிட்டது, ஆனால் பழுப்புக் கறை முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் நகக்கண்ணிலும் நின்றது. அம்மா அக்காவுக்கு முழங்கையை மூடுகிற ரவிக்கை இரவல் வாங்கிப் போட்டு, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலை அடுக்கியிருந்தாள். காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் அந்தக் குடியாத்தத்து அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "கையக் குடும்மா" என்று சொல்லிப் பிடித்துக்கொண்டாள்.

டம்ளர் தரைக்குப் போனதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது. அதே மாதிரி. அவள் வளையலை மேலே தள்ளிக் கறையைப் பார்த்தாள். நான் பேசிவிட்டேன்.

நோவு இல்லை, கிரீஸ்தான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா, கயிறு, பால் டப்பா, மண்ணெண்ணெய், கம்பவுண்டர், வெந்நீர் அண்டா, நைனா வாசலில் நின்றது வரைக்கும். அம்மா என் தொடையைக் கிள்ளினாள், கிள்ளக் கிள்ள வேகமாகச் சொன்னேன். மாமா கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். அக்கா தலை குனிந்து நின்றாள், அவள் கை மட்டும் அந்த அம்மாவின் கையிலேயே இருந்தது.

அதுவரைக்கும் வாயே திறக்காத பையன் நைனாவைப் பார்த்து, "அந்தக் கயிறுலயா தினம் எறங்குறீங்க?" என்று கேட்டார்.

"ஆமா தம்பி."

"பயமா இருக்காதுங்களா?"

நைனா கதவுப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார். "அவன் கிரீஸு போட்டிருக்கானே. இன்னா பயம்?"

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும். கதவுக்குப் பின்னாலிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. அக்காவின் கையைத் திருப்பி, உள்ளங்கையை, விரல் மூட்டை, நகத்தை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "கறைதானே. போவும்" என்றாள். "எங்க ஊரு வெயிலுக்கு எண்ணெய் கிண்ணெய் ஒண்ணுமே வேணாம்." சொல்லிவிட்டு ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். அதுதான் சம்மதம்.

மாசியில் கல்யாணம், குடியாத்தத்தில். நாங்கள் ஊரிகத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாறினோம். நைனாவின் கைக்கென்று அம்மா அந்த மாசத்து எண்ணெயில் பாதியை மிச்சம் பிடித்து, கட்டியாக இறுகியிருந்த பாட்டிலுக்குக் காகிதத்தை அடைத்து, துணி மூட்டைக்குள் வைத்திருந்தாள். ரயில் மலை இறங்க இறங்கக் காற்று வெதுவெதுப்பானது. நாங்கள் ஒவ்வொருத்தராகக் கம்பளியைக் கழற்றினோம். மூட்டைக்குள்ளே எண்ணெயும் உருகிக்கொண்டிருந்தது, அது யாருக்கும் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால் நைனாவின் புது வேட்டி முழுக்கக் குடித்துவிட்டிருந்தது, பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. இரவல் வேட்டி கட்டிக்கொண்டு, அந்த வெடித்த கையோடுதான் நைனா மணவறைக்கு வந்தார்.

தாரை வார்க்கும்போது அக்காவின் கையை நைனா எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். வைத்தார். அம்மா தண்ணி ஊற்றினாள். வைத்த கையை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. உள்ளங்கை வெடிப்பில் அக்காவின் பட்டு முந்தானை நூல் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் புதுப் புடவை பிரிந்துவிடும். நைனா அசையாமல் நின்றார், முகத்தில் வேர்த்தது. நான் பக்கத்தில் நின்று அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தலை நிமிராமல், மாப்பிள்ளை பிடித்திருந்த கையை அவரிடமே இருக்கவிட்டு, இன்னொரு கையைக் கொண்டுவந்து, நூலை எடுக்கவில்லை, நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயர் அடுத்ததுக்கு அவசரப்பட்டார். அவள் விடவில்லை.